விரலா, மவுஸா? தொடுதிரை லேப்டாப்பில் கிளவுட் படங்களைக் கையாள எது சரிப்பட்டு வரும்?

கிளவுட் படத் தளத்தைப் பிரவுசரில் திறந்து, தொட்டால் படம் தேர்வாகும் என்று நினைத்துத் தொட்டேன். படம் திரை நிறையத் திறந்துகொண்டது. பின்னால் வந்தால் ஆல்பம் மறுபடி முதல் வரிசையில் போய் நிற்கிறது. விட்ட இடம் வரைக்கும் விரலால் தள்ளித் தள்ளி இறங்கி, இந்த முறை போனில் செய்கிற மாதிரி அழுத்திப் பிடித்தேன். வலது கிளிக் மெனு வந்தது. அதை மூடலாம் என்று வெளியே தொட்டதில் இன்னொரு படம் திறந்தது. முந்நூற்றுச் சொச்சம் படங்களில் நாற்பதைப் பிரித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பத்து நிமிடத்தில் தேர்வானவை இரண்டு.

வெறுத்துப்போய் டச்பேடில் கை வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கர்சர் ஒரு படத்தின் மேல் போனதும் அதன் மூலையில் ஒரு சின்ன வட்டம் முளைத்தது. அதைத் தட்டினால் படம் தேர்வாகிறது. கர்சர் தட்டாமலே படத்தின் மேல் நிற்கும். விரலால் அது முடியாது. விரல் ஒன்று திரையைத் தொடும், இல்லை தொடாது. அதனால் அந்த வட்டம் அதுவரை என் கண்ணில் படவே இல்லை.

அதற்கு முன்னால் நான் டிரைவரைப் புதுப்பித்திருந்தேன், பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியிருந்தேன், திரையைத் துணியால் துடைத்துக்கூடப் பார்த்திருந்தேன். எல்லாம் வீண். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் மருந்து தேடினால் இப்படித்தான். எனவே எந்த வழி மேல் என்று பார்ப்பதற்கு முன், எது ஏன் சிக்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தளம் கேட்கிற கேள்வி

ஒரு தளம் திறக்கும்போது பிரவுசரிடம் விசாரிக்கிறது: இவர் கையில் இருப்பது நுணுக்கமான கருவியா, தடித்த கருவியா? அது திரையின் மேல் தொடாமல் நிற்குமா, நிற்காதா? போனில் பதில் தெளிவு: தடித்தது, நிற்காது. மேசைக் கணினியிலும் தெளிவு. தொடுதிரை லேப்டாப்பில் இரண்டு கருவியும் உண்டு. ஆனால் தளம் கேட்பது முதன்மைக் கருவியைப் பற்றி மட்டும் என்றால், பிரவுசர் வழக்கமாக டச்பேடைத்தான் காட்டும். 'வேறு கருவி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்பதற்கும் வழி உண்டு. அதைக் கேட்காத தளத்துக்கு உங்கள் விரல் இருப்பதே தெரியாது. வட்டத்தை ஒளித்துவைக்கிறது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் ஒரு காலத்தில் இருந்தது. தொடுதிரைக்கான அடையாளம் பிரவுசரில் தென்பட்டால் 'இது போன்' என்று முடிவு கட்டிவிடும் தளங்கள் நிறைய. அவற்றில் விரல் வேலை செய்யும், மவுஸ் படுத்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 2018 அக்டோபரில் வந்த குரோம் 70, கணினிகளில் அந்த அடையாளங்களில் சிலவற்றை இயல்பாகவே மறைத்துவிட்டது. மவுஸ் பிழைத்தது. அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் விரலுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த தளங்களில் விரல் போயிற்று.

மவுஸ், விரல், பேனா மூன்றையும் ஒரே வகை நிகழ்வாகப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2012லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-இல் கொண்டுவந்தது. 2015-இல் அது இணையத் தரநிலை ஆனது. ஆனால் குரோம் அதை ஏற்க 2016 டிசம்பர் ஆயிற்று, பயர்பாக்ஸ் 2018, சபாரி 2019. அதற்குள் படத் தளங்களின் அடிப்படை எழுதி முடிந்திருந்தது. கூகுள் போட்டோஸ் வந்ததே 2015-இல். பழைய வீட்டுக்குப் புது ஒயரிங் போடுவதுபோல, பின்னால் சேர்த்த இடத்தில்தான் தீப்பொறி பறக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் விரல் மாட்டிக்கொள்ளும். முதலாவது, பக்கவாட்டு ஸ்வைப். அடுத்த படத்துக்குப் போக விரலை இழுக்கிறீர்கள். அந்த அசைவைத் தளம் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரவுசர் வாங்கிக்கொள்ளும். குரோமில் பக்கவாட்டு இழுப்புக்கு அர்த்தம் 'முந்தைய பக்கம்' அல்லது 'அடுத்த பக்கம்'. படத்தைத் தாண்டப் போய் ஆல்பத்தையே விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அதைவிட ஓரத்தில் ஆரம்பித்தால் விண்டோஸ் 11 குறுக்கே வரும்: இடது ஓரத்திலிருந்து இழுத்தால் விட்ஜெட், வலது ஓரத்திலிருந்து இழுத்தால் அறிவிப்புகள். ஒரே இழுப்புக்கு மூன்று பேர் போட்டி.

இரண்டாவது, விரித்துப் பெரிதாக்குவது. டச்பேடில் இரண்டு விரலை விரித்தால் குரோம் அதைத் தளத்திடம் 'கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டுகிறார்' என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. திரையில் விரித்தால் போகிற செய்தியே வேறு. முதலாவதை மட்டும் புரிந்துகொள்ளும்படி எழுதிய தளத்தில், டச்பேடில் விரித்தால் படம் பெரிதாகும். திரையில் விரித்தால் பட்டன், மெனுவோடு சேர்த்து மொத்தப் பக்கமும் பெரிதாகும். கண்ணுக்கு ஒரே செயல், விளைவு இரண்டு. கிறுக்குப் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணம் இவ்வளவுதான்.

வழி ஒன்று: தளமே போதும், விரல் வேண்டாம்

கேட்க உப்புச்சப்பில்லாத யோசனை. ஆயிரக்கணக்கில் படங்களைப் பிரிக்கிற வேலைக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. தளம் உங்களை மவுஸ்காரர் என்று நினைக்கிறதா? மவுஸ்காரராகவே நடந்துகொள்ளுங்கள்.

கூகுள் போட்டோஸில் முதல் படத்தின் வட்டத்தைத் தட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தைத் தட்டினால் நடுவில் உள்ள அத்தனையும் தேர்வாகிவிடும். ஷிஃப்ட்டும் டி-யும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோடு. கேள்விக்குறி விசையை அழுத்தினால் குறுக்குவிசைகள் எல்லாம் பட்டியலாக வரும். தெரியாமலே பல வருடம் ஓட்டியிருக்கிறேன். நான் இரண்டு படத்தோடு மல்லுக்கட்டிய அந்த ஆல்பத்தை டச்பேடில் முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

குறை என்ன? கீபோர்டைப் பின்பக்கம் மடித்துவிட்டால் இந்த வழி செத்தது. மடக்குகிற வகை லேப்டாப்பை நீங்கள் பெரும்பாலும் டேப்லெட் மாதிரிதான் பிடிக்கிறீர்கள் என்றால், ஒரு சின்ன புளூடூத் மவுஸ் பக்கத்தில் இருக்கட்டும். தேர்வு வட்டத்துக்கு அதுவே போதும்.

வழி இரண்டு: தளத்தை விரலுக்கு இணக்குவது

இணையத்தில் கிடைக்கிற யோசனைகளில் பாதிக்கு மேல் இந்த வகை. தரம் பிரித்துச் சொல்கிறேன்.

உருப்படியான ஒன்று, அந்தத் தளத்துக்கு மட்டும் பிரவுசர் ஜூமைக் கூட்டுவது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 14 அங்குலத் திரை, 1920க்கு 1080 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157 புள்ளி. விண்டோஸின் காட்சி அளவு (ஸ்கேலிங்) 150 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது 100 ஆக இருந்தால் தளத்தின் ஓர் அலகு திரையில் ஒரு புள்ளி. தளம் 24 அலகில் வரைகிற ஒரு வட்டம் திரையில் 36 புள்ளி, அதாவது 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொடுதிரைப் பட்டனுக்கு ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி சொல்வது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். பிரவுசர் ஜூமையும் 150 ஆக்கினால் நம் வட்டம் எட்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். விரல் இப்போது குறி தவறாது. கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் ஆயிற்று. பிரவுசர் அந்தத் தளத்துக்கான ஜூமை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு நன்மையும் சேரலாம். அப்படி ஜூம் செய்தபின் தளத்துக்குத் தெரிகிற அகலம் 853 அலகுதான். அகலம் குறைந்ததும் சில தளங்கள் சின்னத் திரைக்கான அமைப்புக்கு மாறிவிடும், பட்டன்கள் வெளிப்படையாக வரும். எல்லாத் தளமும் மாறாது. மாறினால் லாபம்.

அடுத்து, குரோமின் ஃபிளாக்ஸ் பக்கம் (முகவரிப் பட்டியில் chrome://flags). பக்கவாட்டு இழுப்பில் பின்பக்கம் போவதை அங்கே நிறுத்த வழி இருந்துவருகிறது. 'ஓவர்ஸ்க்ரோல் ஹிஸ்டரி நேவிகேஷன்' என்ற பெயரில் தேடி அணைக்கலாம். ஆனால் அந்தப் பக்கமே பரிசோதனைக் கூடம். இன்று இருக்கிற பொத்தான் அடுத்த பதிப்பில் காணாமல் போகலாம், அணைத்தால் எல்லாத் தளத்திலும் அணையும். பயர்பாக்ஸின் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் (முகவரிப் பட்டியில் about:config) தொடு நிகழ்வுகளுக்கான அமைப்பு மூன்று நிலையில் இருக்கிறது: 0 என்றால் அணை, 1 என்றால் எப்போதும் இயக்கு, 2 என்றால் நீயே பார்த்து முடிவு செய். 2 இருக்கும் இடத்தில் 1 வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. வேறு தளங்கள் போன் முகம் காட்ட ஆரம்பித்தால் பழையபடி 2 வைத்துவிடுங்கள்.

பிரவுசரை மாற்றினால் சரியாகிவிடுமா? குரோமிலிருந்து எட்ஜுக்குப் போவதில் பெரிய பயன் இருக்காது. 2020 ஜனவரியிலிருந்து எட்ஜும் குரோமும் ஒரே குரோமியம் அடித்தளத்தில்தான் ஓடுகின்றன. மாற்றிப் பார்ப்பது என்றால் பயர்பாக்ஸ், அதன் இயந்திரமே வேறு. விண்டோஸ் தொடுதிரையில் விரித்துப் பெரிதாக்கும் வசதி அதற்கு 2020 நவம்பரில் வந்த 83-ஆம் பதிப்பில் கிடைத்தது. லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: எக்ஸ்11-இல் பயர்பாக்ஸைத் தொட்டு உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்து தேர்வாகிறது என்றால், வேலாண்ட் அமர்வில் நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

தளத்தை ஆப் மாதிரி நிறுவிக்கொள்ளச் சொல்வார்கள். முகவரிப் பட்டி போய் இடம் கூடும், டாஸ்க்பாரில் ஐகான் வரும். உள்ளே ஓடுவது அதே பிரவுசர், அதே பக்கம். வட்டம் அங்கேயும் ஒளிந்துதான் இருக்கும்.

எஃப்12 அழுத்தி, பிரவுசரைப் போன் வேடம் போடவைத்து மொபைல் பக்கத்தை வரவழைப்பது கடைசி யோசனை. ஒரு முறை அவசரத்துக்கு உதவும். தினமும் ஒரு பக்கத்தில் டெவலப்பர் பலகை திறந்திருக்கப் படம் பார்ப்பதெல்லாம் நமக்கு எதற்கு?

வழி மூன்று: சிங்க் ஆகும் ஃபோல்டர்

படங்கள் லேப்டாப்பில், கிளவுடோடு தானாக ஒத்துப்போகிற (சிங்க்) ஒரு ஃபோல்டராக வந்துவிட்டால் தளத்தின் தொல்லையே இல்லை. விண்டோஸ் போட்டோஸ் ஆப்பில் விரல் இழுத்தால் அடுத்த படம் வரும், விரித்தால் படம் மட்டும் பெரிதாகும். குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கிற வேலைக்கு இதற்கு நிகர் இல்லை. கீபோர்டை மடித்துவிட்டு, திரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கத்தானே தொடுதிரை வாங்கினோம்?

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்காது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சேவை எது என்பதை.

ஒன்டிரைவ் என்றால் சுலபம். விண்டோஸுடனேயே வருகிறது, இடமும் பெரிதாக அடைக்காது: நீல மேகக் குறி இருந்தால் படம் கிளவுடில் மட்டும், பச்சை டிக் இருந்தால் லேப்டாப்பிலும் இருக்கிறது. தொட்டால் இறங்கும்.

ஐகிளவுட் என்றால் விண்டோஸுக்கான ஐகிளவுட் ஆப்பை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் போட்டோஸ் ஆப்போடு அது 2022 நவம்பரிலிருந்து இணைகிறது. இங்கே ஒரு கல் தடுக்கும்: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்கள் ஹெச்இஐசி வகையில் சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்க விண்டோஸுக்கு ஸ்டோரில் கிடைக்கும் துணை நிரல் வேண்டியிருக்கலாம். படம் திறக்காததைத் தொடுதிரைக் கோளாறு என்று எண்ணிக்கொண்டு திரையை மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். குரோமும் பயர்பாக்ஸும் இந்த வகைப் படத்தை நேரடியாகக் காட்டாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கூகுள் போட்டோஸ் என்றால் கதவு மூடியிருக்கிறது. 2019 ஜூலை வரை கூகுள் டிரைவ் வழியாகப் படங்களை ஃபோல்டராக இறக்கிக்கொள்ள முடிந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய டெஸ்க்டாப் டிரைவ் ஆப் லேப்டாப்பிலிருந்து படத்தை மேலே ஏற்றும், மேலே உள்ள தொகுப்பைக் கீழே இறக்கிவைக்காது. வெளியார் நிரல்கள் செய்துவந்த வேலையும் 2025 மார்ச் 31-க்குப் பிறகு முடங்கிவிட்டது. நீங்களே தேர்ந்து கொடுத்தாலொழிய, தாங்கள் ஏற்றிய படங்களை மட்டுமே அவை தொட முடியும். மொத்தமாக எடுக்க, டேக்அவுட் என்ற கூகுளின் ஏற்றுமதி வசதி இருக்கிறது. அது வீடு காலிசெய்கிறபோது மூட்டை கட்டுவது மாதிரி, தினசரிப் புழக்கத்துக்கு ஆகாது.

சிங்க் ஃபோல்டரில் ஒரு அபாயம் இருக்கிறது, அதுவும் விரல்காரர்களுக்குக் கூடுதல். ஃபோல்டரில் அழித்தால் கிளவுடிலும் அழியும். ஐகிளவுடில் தவறான தொடுகையில் ஒரு படம் போனால் போனில் உள்ளதும் போகலாம். ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும், ஐகிளவுடும் ஏறக்குறைய அப்படித்தான். ஒப்பிட, கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள். தூக்கக் கலக்கத்தில் படுக்கையில் படுத்துக்கொண்டு ஃபோல்டரைச் சுத்தம் செய்யாதீர்கள்.

வழி நான்கு: வேலையைப் போனுக்கே தள்ளுவது

விரலால்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால், விரலுக்காகவே எழுதிய ஆப் போனில் இருக்கிறதே. அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் அப்படியே கீழே இழுத்தால் வரிசை வரிசையாகத் தேர்வாகும். அங்கேயே ஆல்பம் ஆக்கிவிட்டால், லேப்டாப்பில் அந்த ஒரு ஆல்பத்தைத் திறந்து மொத்தமாக டவுன்லோடு செய்துகொள்வது ஒரு நிமிட வேலை. தேர்வு போனில், இறக்குவது லேப்டாப்பில். இப்படிப் பிரித்துக்கொள்வது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடக்கிறது. கூகுள் போட்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு வழி ஒன்றுக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

கையில் இருப்பது தொடுதிரை குரோம்புக் என்றால் போன்கூட வேண்டாம், ஆண்ட்ராய்டு ஆப்பை அதிலேயே நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸிலும் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. மைக்ரோசாஃப்ட் அந்த ஏற்பாட்டை 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு மூடிவிட்டது.

சேவையையே மாற்றுவது?

'இந்தத் தளம் தொடுதிரைக்கு ஆகவில்லை, வேறு சேவைக்குப் போகிறேன்' என்பது கோபத்தில் எடுக்கிற முடிவு. கோபம் நியாயம்தான். ஆனால் நீங்கள் வருடக்கணக்கில் பெயரிட்டு அடுக்கிய ஆல்பங்களும் முகக் குறிப்புகளும் அப்படியே கூட வராது. டேக்அவுட்டில் வருகிற தேதி, இடம் போன்ற விவரங்கள் பல படங்களுக்கு ஜேசன் என்ற தனி எழுத்துக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். புதுச் சேவை அதைப் படிக்காவிட்டால், வரிசை குலைந்து பழைய படங்கள் எல்லாம் நேற்று எடுத்தவைபோல நிற்கலாம். ஒரு தேர்வு வட்டத்துக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஏற்கெனவே இடம் தீர்ந்து மாறுவதாக இருந்தால், அந்தச் சமயத்தில் தொடுதிரையையும் ஒரு கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

பார்ப்பதுதான் முக்கியம், பிரிப்பது எப்போதாவது என்றால், ஒன்டிரைவ், ஐகிளவுட்காரர்கள் யோசிக்காமல் சிங்க் ஃபோல்டருக்குப் போகலாம். பிரிப்பதே வேலை என்றால் எந்தச் சேவையானாலும் தளமும் மவுஸும்தான், அதிலும் ஷிஃப்ட் விசை. கூகுள் போட்டோஸை விரலால் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஜூமைக் கூட்டிவைத்து, பக்கவாட்டு இழுப்பை மறந்து, படத்தின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டிப் போங்கள். அம்புக்குறியும் ஒளிந்திருந்தால் படத்தை ஒரு முறை தொடுங்கள், சில தளங்களில் வெளியே வரும். நான் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன்: பிரிக்க டச்பேடு, பார்க்க ஃபோல்டர். விரலால் தளத்தோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

எந்த வழிக்குப் போனாலும், முதலில் பத்துப் படங்களோடு ஒரு சோதனை ஆல்பம் போட்டு, விரலால் மட்டும் நான்கு காரியம் செய்து பாருங்கள்: மூன்று படங்களைத் தேர்ந்தெடுப்பது, பெரிதாக்குவது, அடுத்த படத்துக்கு நகர்வது, பின்னால் வந்தபிறகு பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பது. பெரிய ஆல்பத்தில் நேரத்தைத் தின்றது அந்த நான்காவதுதான். பத்துப் படத்தில் அது பிடிபடாது என்பதால், அந்த ஒன்றை மட்டும் உங்கள் மிக நீளமான ஆல்பத்தில், நடுவில் எங்காவது இறங்கி நின்று செய்து பாருங்கள்.